பெர்சிஸ்ட்: நிற்கிறதா, நிற்காததா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரே ஒரு வார்த்தைதான். பெர்சிஸ்ட். அதோட பெயரடை பெர்சிஸ்டென்ட். நம்மில் நிறைய பேர் ரெஸ்யூமேல இந்த வார்த்தை இருக்கும். ஃபைனல் இயர்ல பிளேஸ்மென்ட் டிரெய்னிங் நடக்கும்போது ஒரு வார்த்தைப் பட்டியல் கொடுப்பாங்க இல்லையா? ஹார்ட் வொர்க்கிங், டீம் பிளேயர், குயிக் லேர்னர். அந்த வரிசையில எனக்கு வந்து ஒட்டிக்கிட்டது பெர்சிஸ்டென்ட். பக்கத்துல பென்சிலால விடாமுயற்சின்னு தமிழ்ல எழுதி வெச்சிருந்தேன். அதுக்கப்புறம் பல வருஷம் அந்த அர்த்தத்தை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இந்த ஒரு வார்த்தையைத் தப்பா படிச்சு நான் ரெண்டு தடவை மாட்டியிருக்கேன். ஒண்ணு ஆபீஸ்ல. அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லிடலாம். இன்னொண்ணு வீட்டுல. அதைச் சொல்லலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சு, அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் இன்னைக்கு மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கேன்.

முதல்ல ஆபீஸ் கதை. வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது அப்ரைசல். மேனேஜர் எழுதியிருந்த குறிப்புல ஒரு வரி: "பெர்சிஸ்ட்ஸ் இன் ஹிஸ் ஓன் அப்ரோச்." எனக்கு ஒரே சந்தோஷம். அன்னைக்கு ராத்திரியே அம்மாவுக்கு போன் பண்ணி, "என் விடாமுயற்சியைப் பாராட்டி எழுதியிருக்காங்கம்மா"ன்னு சொல்லிட்டேன். அம்மா அதைச் சித்திக்குச் சொல்லி, சித்தி அவங்க பையனைத் திட்டுறதுக்கு அதைப் பயன்படுத்தி, விஷயம் எங்கயோ போயிடுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு இன்க்ரிமென்ட் லெட்டர் வந்தது. டீம்லயே எனக்குத்தான் கம்மி.

நேரா மேனேஜர்கிட்ட போய், "சார், குறிப்புல நல்லாத்தானே எழுதியிருந்தீங்க?"ன்னு கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அது பாராட்டு இல்லப்பா. எத்தனை தடவை எடுத்துச் சொல்லியும் நீ பிடிச்ச பிடியிலயே நிக்கிறன்னு எழுதியிருக்கேன்"னார். [சிரிப்பு]

அவர் சொன்னது எதைப் பத்தின்னா, நான் எழுதின ஒரு ரீட்ரை கோடு. எங்க சர்வீஸ் இன்னொரு டீமோட சர்வீஸைக் கூப்பிடணும். பதில் வரலைன்னா மறுபடியும் கூப்பிடணும். நான் எழுதினது எப்படின்னா, நொடிக்கு ஒரு தடவை, பதில் வர்ற வரைக்கும், எண்ணிக்கைக்கு எல்லையே இல்லாம. ரிவ்யூ பண்ண சீனியர், "ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் கூட்டு, ஒரு கட்டத்துல நிறுத்து"ன்னு மூணு தடவை எழுதியிருந்தாங்க. மூணு தடவையும் நான் மறுத்துப் பேசினேன். ஒரு மெசேஜ்கூட தொலையக் கூடாதுங்கிறது என் வாதம். கடைசியில அவங்க சலிச்சுப் போய் விட்டுட்டாங்க.

ஒரு சனிக்கிழமை ராத்திரி அந்த இன்னொரு சர்வீஸ் விழுந்தது. அவங்க அதை எழுப்பி விடுவாங்க. எழுந்த அடுத்த நொடி, காத்துக்கிட்டிருக்கிற எங்க கால்கள் அத்தனையும் ஒரே நேரத்துல அது மேல போய் விழும். அது மறுபடியும் சுருண்டு படுத்துடும். இப்படி நாலஞ்சு தடவை. கடைசியில எங்க பக்கத்தை மொத்தமா நிறுத்தினப்புறம்தான் அந்தப் பக்கம் எழுந்து நிக்க முடிஞ்சது. இவ்வளவு நடந்திருக்கு, நான் அந்த வரியைப் பாராட்டுன்னு நினைச்சிருக்கேன் பாருங்க.

அன்னைக்குத்தான் முதல் தடவையா டிக்‌ஷனரியைத் திறந்தேன். பெர்சிஸ்ட்னா என்ன போட்டிருந்தது தெரியுமா? எதிர்ப்போ தடையோ இருந்தும் தொடர்றது. அல்லது, சாதாரணமா முடிஞ்சிருக்க வேண்டிய நேரம் தாண்டியும் இருந்துக்கிட்டே இருக்கிறது. அவ்வளவுதான். நல்லதுன்னும் இல்லை, கெட்டதுன்னும் இல்லை. பாராட்டணும்னா இங்கிலீஷ்ல அதுக்குத் தனியா பெர்சிவியர்னு ஒரு வார்த்தை இருக்கு. திட்டணும்னா ஸ்டப்பர்ன், ஆப்ஸ்டினேட். பெர்சிஸ்ட் நடுவுல நிக்குது. வதந்தி பெர்சிஸ்ட் ஆகும், மூட்டு வலி பெர்சிஸ்ட் ஆகும், பனிமூட்டம் பெர்சிஸ்ட் ஆகும். வதந்திக்கு யாராவது விடாமுயற்சின்னு மெடல் குத்துவாங்களா?

தமிழ்லயும் பார்த்தீங்கன்னா 'விடா'ங்கிற ஒரே துண்டுதான். விடாமுயற்சின்னா பாராட்டு. விடாப்பிடின்னா குறை. விடாத மழைன்னா வெறும் தகவல். விடாக்கண்டன் கொடாக்கண்டன்னா ரெண்டு பேருமே ஒரு மாதிரி ஆளுங்க. பின்னாடி என்ன ஒட்டுறோம்ங்கிறதுலதான் மதிப்பெண்ணே இருக்கு. நான் என்ன பண்ணேன்னா, இங்கிலீஷ்ல எங்க பெர்சிஸ்ட்னு பார்த்தாலும் 'விடா'வுக்குப் பின்னாடி கண்ணை மூடிக்கிட்டு முயற்சியை ஒட்டினேன். (அஜித் நடிச்ச விடாமுயற்சி பொங்கலுக்கு வருதுன்னு சொல்லி, தள்ளிப் போய் 2025 பிப்ரவரியில வந்தது ஞாபகம் இருக்கா? அங்க முயற்சி யாருதுன்னா, காத்துக்கிட்டிருந்த ரசிகர்களோடதுதான்.)

இந்த வார்த்தையோட வேரைப் பார்த்தா இன்னும் தெளிவாகும். லத்தீன்ல சிஸ்டெரேன்னு ஒரு வினைச்சொல். நிற்பது, நிறுத்துவது. அதுக்கு முன்னாடி சின்னச் சின்ன ஒட்டு சேர்த்துச் சேர்த்து ஒரு பெரிய குடும்பமே வந்திருக்கு. பெர் சேர்த்தா, கடைசி வரை நிற்பது: பெர்சிஸ்ட். ரீ சேர்த்தா, எதிர்த்து நிற்பது: ரெசிஸ்ட். இன் சேர்த்தா, ஒண்ணு மேலயே நிற்பது: இன்சிஸ்ட். பக்கத்துல நின்னா அசிஸ்ட். விலகி நின்னா டெசிஸ்ட். வக்கீல் நோட்டீஸ்ல சீஸ் அண்ட் டெசிஸ்ட்னு வருமே, அது. வெளியே வந்து நின்னா எக்சிஸ்ட். நாம இருக்கோம்ங்கிறதே ஒரு நிற்றல்தான் அவங்களுக்கு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், நம்ம 'நில்'லும் அப்படியே இருக்கு. 'அவர் பேர் நின்னுடுச்சு'ன்னா காலத்துக்கும் இருக்குன்னு அர்த்தம். 'மழை நின்னுடுச்சு'ன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஒரே வினை, தொடர்றதும் அதுதான், முடியறதும் அதுதான். லத்தீன்லயும் அதே கதை. சால்ஸ்டிஸ்னு சொல்றோமே, ஜூன்லயும் டிசம்பர்லயும் வர்றது, அது சூரியன் நிற்கிற நாள். அதுலயும் ஒளிஞ்சிருக்கிறது இதே சிஸ்டெரேதான்.

முக்கியமா கவனிச்சீங்கன்னா, பெர்சிஸ்ட்ல நிற்றல் இருக்கு. முயற்சி எங்கயும் இல்லை. திருக்குறள்ல 62ஆவது அதிகாரம் ஆள்வினையுடைமை. அங்க இருக்கிறது வியர்வை சிந்துற முயற்சி. பெர்சிஸ்டுக்கு வியர்வை தேவையே இல்லை. சும்மா நின்னாலும் பெர்சிஸ்ட்தான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்பா கதையில வரும்.

இலக்கணத்தை வேகமா முடிச்சிடறேன். ஒரு ஆள் ஒரு காரியத்தை விடாம பண்றார்னா பெர்சிஸ்ட் இன், பின்னாடி இங் வரும். பெர்சிஸ்ட் இன் ஆஸ்கிங். பெர்சிஸ்ட் டு ஆஸ்க் தப்பு, நம்ம ஊர்ல இந்தத் தப்பு நிறைய கேட்கலாம். ஒரு திட்டத்தையோ முறையையோ சொல்றப்போ பெர்சிஸ்ட் வித்னும் வரும். மழை, வலி, வதந்தி இதெல்லாம் எழுவாயா வந்தா பின்னாடி எதுவும் வேண்டாம், தனியா நிக்கும். உச்சரிப்புல ஒரு சின்ன விஷயம். பெர்சிஸ்ட்ல வர்றது பாம்பு சீறுற ஸ். ரெசிஸ்ட்ல வர்றது வண்டு ரீங்காரம் பண்ற சத்தம். தமிழ் எழுத்துல ரெண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியுது, அதனால எழுத்து வடிவத்துல படிக்கிறவங்க ஆடியோவையும் ஒரு தடவை கேட்டுடுங்க. அப்புறம், சாஃப்ட்வேர்காரங்க நாங்க மட்டும் "டேட்டாவை பெர்சிஸ்ட் பண்ணு"ன்னு செயப்படுபொருள் போட்டுப் பேசுவோம். புரோகிராம் முடிஞ்சாலும் கரன்ட் போனாலும் டேட்டா டிஸ்க்குல இருக்கணும்னு அர்த்தம். பொது இங்கிலீஷ்ல அப்படிப் பேசினா ஒரு மாதிரி பார்ப்பாங்க.

சரி, இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இந்த வார்த்தையை எங்க முதல்ல பார்த்தோம்னு ஞாபகம் வருதா? நெட்வொர்க்ஸ் பேப்பர். சிஎஸ்எம்ஏ. ஒன் பெர்சிஸ்டென்ட், நான் பெர்சிஸ்டென்ட், பி பெர்சிஸ்டென்ட். வித்தியாசம் எழுதுகன்னு கேள்வி வரும், நாங்க மனப்பாடம் பண்ணிட்டுப் போய் எழுதுவோம். எனக்கு அது உண்மையில புரிஞ்சது அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம்தான்.

பல கம்ப்யூட்டர்கள் ஒரே லைனைப் பகிர்ந்துக்குது. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசினா ரெண்டும் குழம்பிடும். அதனால பேசறதுக்கு முன்னாடி லைன் காலியான்னு கேட்டுப் பார்க்கணும். காலியா இல்லைன்னா என்ன பண்றது? ஒன் பெர்சிஸ்டென்ட் ஆள் அங்கயே காதை வெச்சுக்கிட்டு நிப்பார். லைன் காலியான அடுத்த கணமே பேசிடுவார். அந்த ஒன்னுங்கிறது நிகழ்தகவு, கட்டாயம் பேசுவார்னு அர்த்தம். நான் பெர்சிஸ்டென்ட் ஆள், "சரி, பிஸியா இருக்கு"ன்னு போய்ட்டு, தனக்குத் தோணின ஒரு நேரம் கழிச்சு வந்து பார்ப்பார். பி பெர்சிஸ்டென்ட் ஆள் நின்னு கேட்பார், ஆனா காலியானதும் காசு சுண்டிப் பார்த்துத்தான் பேசுவார்.

யாருக்கு மார்க்குன்னு கேட்டா, நாம வளர்ந்த விதத்துக்கு முதல் ஆளுக்குத்தான் கொடுப்போம். பிரச்சினை என்னன்னா, அவரை மாதிரியே இன்னொருத்தரும் காதை வெச்சுக்கிட்டு நின்னா, லைன் காலியான கணத்துல ரெண்டு பேரும் சேர்ந்து பேசி மோதுறது உறுதி. 1975ல கிளைன்ராக், டொபாகின்னு ரெண்டு பேர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. அவங்க எடுத்துக்கிட்ட ஒரு சூழல்ல, ஒன் பெர்சிஸ்டென்ட் முறை லைனோட கொள்ளளவுல அதிகபட்சம் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் பயன்படுத்த முடிஞ்சது. போய்ட்டு வர்ற ஆளுங்க 80 சதவீதத்தைத் தாண்டினாங்க. கூட்டம் கம்மியா இருக்கும்போது நின்னு கேட்கிறவருக்குச் சீக்கிரம் வேலை முடியுது, அதையும் சொல்லணும். கூட்டம் அதிகமானாத்தான் வினை. ஈதர்நெட் அந்த முதல் முறையைத்தான் எடுத்துக்கிச்சு, ஆனா மோதல் நடந்தா இடைவெளியைக் கூட்டிக்கிட்டே போகும், 16 தடவை பார்த்தும் முடியலைன்னா கையை விரிச்சுடும். என் சீனியர் ரிவ்யூல கேட்டது இதைத்தான். பத்து மார்க் கேள்வியா எழுதிட்டு வந்தவன், வேலையில அதைச் சொன்னவங்ககிட்ட சண்டை போட்டிருக்கேன்.

இதுக்கு நேர் எதிரான ஒண்ணும் இருக்கு. டிசிபியில பெர்சிஸ்ட் டைமர்னே ஒரு டைமர். டேட்டா வாங்குற கம்ப்யூட்டர், "எனக்கு இடம் இல்லை, இப்போ அனுப்பாதே"ன்னு சொல்லிடும். அனுப்புறவர் நிறுத்திடுவார். கொஞ்ச நேரத்துல அங்க இடம் வரும், "இப்போ அனுப்பலாம்"னு ஒரு செய்தி வரும். அந்தச் செய்தி வழியில தொலைஞ்சுட்டா? இவர் அவர் கூப்பிடுவார்னு காத்திருப்பார், அவர் இவர் அனுப்புவார்னு காத்திருப்பார். ரெண்டு பேரும் மரியாதையா உட்கார்ந்துக்கிட்டே இருப்பாங்க. அதனாலதான் அந்த டைமர். கொஞ்ச கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு சின்ன பாக்கெட் அனுப்பி, "இப்போ?"ன்னு கேட்கும். இடைவெளி கூடிக்கிட்டே போகும். பழைய பெர்க்லி யூனிக்ஸ்ல 5 நொடிக்குக் குறையாது, 60 நொடிக்கு மேல போகாது. அந்தப் பக்கம் "இன்னும் இல்லை"ன்னு பதில் சொல்லிக்கிட்டே இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் கேட்கிறதை விடாது. ஆபீஸ்ல "ஜென்டில் ரிமைண்டர்"னு மெயில் போடுறோமே, அதை உண்மையிலயே ஜென்டிலா பண்றது இது ஒண்ணுதான்.

இந்த டைமரை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கேன். ஆனா வீட்டுல, கேட்க வேண்டிய ஒரு கேள்வியை ஒரு தடவை கேட்டுட்டு விட்டுட்டேன்.

எங்க அப்பா கோயம்புத்தூர்ல லேத் பட்டறை வெச்சிருக்கார். ரெண்டு மிஷின். ஜாப் ஆர்டர் எடுத்துப் பண்றது. காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரி ஒன்பதுக்கு வருவார். அவருக்கு உடம்பு சரியில்லைன்னு பட்டறையை மூடின நாள் எனக்குத் தெரிஞ்சு இல்லை. சொந்தக்காரங்க எல்லாரும் உதாரணம் காட்டுற ஆள்.

முந்தின வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா இருமிக்கிட்டே இருந்தார். இரும்புத் தூசு, பட்டாசுப் புகைன்னு அவரே ரெண்டு காரணம் வெச்சிருந்தார். மெடிக்கல்ல வாங்கின சிரப் பாட்டில் டேபிள் மேல இருந்தது. அதுல முக்கால் காலி. நான் எடுத்துச் சும்மா லேபிளைப் படிச்சேன். கீழ பொடி எழுத்துல, இஃப் சிம்ப்டம்ஸ் பெர்சிஸ்ட், கன்சல்ட் எ டாக்டர். அப்பா, "என்ன சாமி போட்டிருக்கு?"ன்னார். "இருமல் நிக்கலைன்னா டாக்டர்கிட்ட போகச் சொல்லுதுங்கப்பா"ன்னேன். அவர், "நின்னுரும்"னார். நானும் பாட்டிலை வெச்சுட்டேன். அம்மா சமையல்கட்டுல இருந்து, "ஒரு மாசமா நின்னுரும் நின்னுரும்னுதான் சொல்றாரு"ன்னாங்க. அதையும் கேட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பஸ் ஏறிட்டேன்.

அந்த ஒரு மாசத்தை நான் காதுல வாங்கியிருக்கணும். நம்ம நாட்டுக் காசநோய்த் திட்டத்துல சொல்ற கணக்கு ரெண்டு வாரம். ரெண்டு வாரமோ அதுக்கு மேலயோ இருமல் இருந்தா சளியைப் பரிசோதிக்கணும். சுவர்லயும் பஸ்லயும் எழுதியிருக்கிறதைத் தினமும் பார்த்துக்கிட்டுத்தான் போறோம். லேபிள்ல இருந்த பெர்சிஸ்டுக்கு அந்தத் தேதியை நான் போட்டுப் பார்க்கலை. ரீட்ரை கோடுல டைம்அவுட் எத்தனை மில்லிசெகண்டுன்னு மண்டையை உடைச்சுக்கிறவன், இருமலுக்கு டைம்அவுட் என்னன்னு கேட்கலை.

தீபாவளிக்கு அப்புறம் ரெண்டு மாசம். போன்ல கேட்டா "பரவால்ல"ன்னுவார். பொங்கலுக்குப் போய்ப் பார்த்தா சட்டை தொளதொளன்னு தொங்குது. சாயங்காலம் ஆனா லேசா காய்ச்சல். அப்பவும் பட்டறைக்குப் போயிட்டு வந்திருக்கார். அந்தத் தடவை நான் எதுவும் கேட்கலை, வண்டியில உட்கார வெச்சு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சளி, எக்ஸ்ரே. காசநோய்.

மாத்திரை 6 மாசம். முதல் 2 மாசம் நாலு மருந்து, அடுத்த 4 மாசம் மூணு. மாத்திரைக்குக் காசு கிடையாது. அம்மாவுக்கும் பரிசோதனை பண்ணாங்க, அவங்களுக்கு ஒண்ணும் இல்லை. அம்மா அன்னைக்கு ராத்திரி என்கிட்ட, "நீ லேபிளைப் படிச்சுச் சொன்னப்பவே நான் சண்டை போட்டிருக்கணும்டா"ன்னாங்க. அதுக்கு நான் என்ன சொல்றது?

நான் ஆபீஸ்ல கேட்டு, முதல் கொஞ்ச நாள் ஊர்லயே இருந்து வேலை பார்த்தேன். ரெண்டாவது மாசம் முடியறப்போ அப்பாவுக்கு இருமல் நின்னுடுச்சு. காய்ச்சல் இல்லை. நல்லா சாப்பிடறார். ஒரு நாள் காலையில மாத்திரையைக் கையில வெச்சுக்கிட்டு, "இன்னும் எதுக்கு? அதுதான் நின்னுருச்சே"ன்னார். மாத்திரை அவருக்கு வயித்தைப் பிரட்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்துல போறதைப் பார்த்து வேற அவருக்கு வெறுப்பு. ரிஃபாம்பிசின்னு ஒரு மருந்து, அதோட நிறம் அது, பயப்பட ஒண்ணும் இல்லை.

அவருக்குப் பதில் சொல்லணும்னு நான் உட்கார்ந்து படிச்சேன். படிக்கப் படிக்க, நம்ம வார்த்தை மறுபடியும் வந்து நின்னது.

1944ல ஜோசப் பிக்கர்னு டப்ளின்ல ஒரு நுண்ணுயிரியலாளர். பென்சிலின் அப்போ புதுசு. அவர் ஒரு கிருமிக் கூட்டத்து மேல பென்சிலினைப் போட்டார். ஏறக்குறைய எல்லாம் செத்துப் போச்சு. கொஞ்சமே கொஞ்சம் மட்டும் சாகலை. சரி, இதுங்க மருந்தையே எதிர்க்கிற வகை போலன்னு நினைக்கத் தோணும். ஆனா தப்பிச்சதை எடுத்து மறுபடியும் வளர்த்து, மறுபடியும் பென்சிலினைப் போட்டா, பழையபடி ஏறக்குறைய எல்லாமே சாகுது, கொஞ்சம் மட்டும் தப்பிக்குது. அப்போ அதுங்களுக்கு மருந்தை எதிர்க்கிற சக்தி ஒண்ணும் வரலை. மருந்து வந்த நேரத்துல அதுங்க வளராம, பெருகாம, சும்மா கிடந்திருக்கு. பென்சிலின் வளர்ற கிருமியைத்தான் கொல்லும். அவர் அதுங்களுக்கு வெச்ச பேர் பெர்சிஸ்டர்ஸ்.

ரெசிஸ்ட், பெர்சிஸ்ட். ரெண்டும் சிஸ்டெரே வீட்டுப் பிள்ளைங்க. ரெசிஸ்ட் பண்ற கிருமி மருந்தை எதிர்த்து நிக்குது, அதோட மரபணு மாறியிருக்கும், அதோட வாரிசுக்கும் அந்தச் சக்தி போகும். பெர்சிஸ்ட் பண்ற கிருமி எதையும் எதிர்க்கலை. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, மருந்து போற வரைக்கும். போனதும் எழுந்து வளரும். முயற்சியே இல்லாம பெர்சிஸ்ட் பண்ண முடியுமான்னு சந்தேகம் இருந்தவங்களுக்கு, இதோ.

காசநோய்க் கிருமி இந்த வித்தையில கெட்டிக்காரன். இருமல் நிக்கிறது, வேகமா பெருகிற கூட்டம் செத்ததால. மெதுவா, அரைத் தூக்கத்துல கிடக்கிற மிச்சத்தைத் தீர்க்கத்தான் மீதி 4 மாசமும். பாதியில விட்டா மிச்சம் எழுந்து வரும். மருந்தைத் தப்பும் தவறுமா சாப்பிட்டா, நிஜமாவே எதிர்க்கிற வகை பெருக வழி பண்ணிக் கொடுத்த மாதிரியும் ஆகும். அப்போ வைத்தியம் வேற மாதிரி, இன்னும் கஷ்டம்.

இதையெல்லாம் நான் அப்பாகிட்ட பெர்சிஸ்டர்னு ஆரம்பிச்சுச் சொன்னேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, எதுவும் சொல்லாம பட்டறைக்குக் கிளம்பினார். மறுநாள் மாத்திரை விஷயமா வர்ற சுகாதாரப் பணியாளர் அக்கா வந்தாங்க. அவங்க ரொம்ப சாதாரணமா, "ஏனுங்க, மேல இருக்கிற கோரையைப் பிடுங்கிட்டா ஆச்சுங்களா, கிழங்கு உள்ளயேதானுங்க கிடக்கும்"னாங்க. அப்பா தலையாட்டினார். அவர் தோட்டக்கார வீட்டுல பிறந்தவர். கோரைக் கிழங்கு என்னன்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் பதினைஞ்சு நிமிஷ லெக்சர், அவங்க ஒரே வரி. [சிரிப்பு]

அதுக்கப்புறம் அவர் ஒரு நாளும் விடலை. காலண்டர்ல தினமும் பென்சிலால ஒரு கோடு. பட்டறையில டர்னிங் பண்ண பீஸை எண்ணுற மாதிரி, நாலு கோடு போட்டு அஞ்சாவதுக்குக் குறுக்குக் கோடு. மருத்துவத்துல இதுக்கும் பெர்சிஸ்டன்ஸ்னுதான் பேர், தெரியுமா? ஒரு மருந்தை ஆரம்பிச்சதுல இருந்து நிறுத்துற வரைக்கும் எவ்வளவு நாள் தொடர்ந்தோம்ங்கிற அளவு. சொன்ன வேளைக்குச் சொன்ன அளவு சாப்பிட்டோமாங்கிறது அட்ஹெரன்ஸ், அது வேற. ஆக, எங்க வீட்டுல அந்த ஆறு மாசம் கிருமியும் பெர்சிஸ்ட் பண்ணிச்சு, அப்பாவும் பெர்சிஸ்ட் பண்ணார். டிக்‌ஷனரி ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தையைத்தான் கொடுக்குது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவுல அவர் பட்டறைக்குப் போனதை என்ன சொல்றதுன்னு மட்டும் எனக்கு இன்னைக்கும் ஒரு குழப்பம். உடம்புக்கு முடியாமலும் போனார்னு ஊர் அதை விடாமுயற்சின்னு சொல்லுச்சு. மாமா ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தப்போகூட அதையேதான் பெருமையா சொன்னார். நான் அவரை மறுத்துப் பேசலை. பேசியிருக்கலாம். பட்டறையில ஹெல்பரா இருந்த பையனையும் அப்புறம் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனோம். நல்லவேளை, அவனுக்கு ஒண்ணும் இல்லை. ரிசல்ட் வர்ற வரைக்கும் அப்பா யார்கிட்டயும் பேசலை.

ஜூலையில கோர்ஸ் முடிஞ்சது. கடைசி சளிப் பரிசோதனையில கிருமி இல்லை. டாக்டர் சீட்டுல இங்கிலீஷ்ல நாலு வரி எழுதிக் கொடுத்தார். வெளிய வந்து வண்டிகிட்ட நின்னப்போ அப்பா சீட்டை என்கிட்ட நீட்டி, "என்ன சாமி போட்டிருக்கு?"ன்னார். மூணாவது வரி, நோ பெர்சிஸ்டென்ட் காஃப். இந்தத் தடவை நான் ஒவ்வொரு வரியா, முழுசா, ரெண்டு தடவை படிச்சுச் சொன்னேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் வந்து காட்டணும்னு கீழ இருந்ததையும் சேர்த்து. அவர் சீட்டை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, "அப்ப நின்னுருச்சுன்னு போட்டிருக்கு"ன்னார்.

"ஆமாங்கப்பா, நின்னுருச்சு."

இந்த எபிசோடுக்காகக் கேட்டப்போ அவர் சொன்னது, "தாராளமா சொல்லு. கேக்கறதுல ரெண்டு பேரு போய்ப் பார்த்தாங்கன்னா நல்லதுதானே." அதனால உங்க வீட்டுல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா, இந்த எபிசோடை இங்கயே நிறுத்திட்டு அவங்களுக்கு போன் பண்ணுங்க. பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலயே சளிப் பரிசோதனை பண்ணுவாங்க, காசு கிடையாது. "பரவால்ல"ன்னு சொன்னாங்கன்னா, நாளைக்கு மறுபடியும் பண்ணுங்க.

அடுத்த எபிசோடுல கன்சிஸ்டென்ட். அதுவும் சிஸ்டெரே வீடுதான், ஆனா டேட்டாபேஸ்காரங்க அதை வெச்சு நாலு விதமா சண்டை போடுவாங்க. அதுவரைக்கும், வணக்கம்.